பாம்புக்கடி ஒத்திகை

1. படுக்கக் கூடாத கட்டில்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளி படுக்கக் கூடாது என்று உத்தரவு வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ராஜபாளையத்தில் பஸ் ஏறினாலும் வரலாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினாலும் வரலாம்.

அன்று தர ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து குழு வருவதாக இருந்தது. அவசர சிகிச்சை வார்டின் கட்டில்களுக்குப் புது மெத்தை, பச்சை விரிப்பு. அதில் கிடந்தவர்கள் பாயோடு வராந்தாவுக்குப் போனார்கள். ராஜபாளையம் நாய்க்குப் பேர்போனது. எங்கள் வளாகத்தில் இருந்தவை வெறும் தெருநாய்கள் என்பதால் விரட்டப்பட்டன. நாட்டுக்கே பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஸ்டோரில் மட்டும் பேண்டேஜ் எப்போதும் நாளைக்கு வரும். அன்று அதுவும் வந்து, கண்ணாடி அலமாரிக்குள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது.

வார்டுக்கு நாங்கள் மூன்று நர்ஸ். ஒருத்தியை வாசலில் கோலம் போட அனுப்பினார்கள். இன்னொருத்தி பன்னீரும் பால்கோவாத் தட்டுமாக நின்றாள். டூட்டி டாக்டர் முந்தின நாளிலிருந்து வீட்டுக்கே போகாத சின்னப் பெண். அவர் கையில் பூச்செண்டு. நோயாளிகளைப் பார்க்க மிச்சம் நான் ஒருத்தி.

சீஃப் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அவிய பாத்துட்டுப் போற வரைக்கும் அந்தக் கட்டில் எதுலயும் ஒரு ஈ உக்காரக் கூடாது."

2. டெஸ்ட் டியூப்

அந்த நேரம் பார்த்துத்தான் சேத்தூரிலிருந்து காதர் பாயைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்பவர். தோப்பில் சருகுக்குள் காலை வைத்திருக்கிறார், கடித்தது கண்ணாடிவிரியன். கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் அவர் மனைவி மைதீன் பீவி வந்து இறங்கினார்.

ஈ உட்காரக் கூடாத கட்டில் ஒன்றில் பாயைப் படுக்க வைத்தேன். வேறு கட்டில் இல்லை.

விரியன் கடி என்றால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடி டெஸ்ட் டியூபில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். டியூபை மேசையில் நிறுத்தினேன். டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, வராந்தாவில் மூச்சு முட்டிய ஒரு பெரியவருக்கு மாஸ்க் மாட்டப் போனேன். திரும்பி வந்தால் மேசை பளபளவென்று இருக்கிறது. டியூபைத் துப்புரவு அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"மேசை மேல ஒரு சாமானும் இருக்கக் கூடாதுன்னு சீஃப் சொல்லிட்டுப் போனாருல்லா சிஸ்டர்."

அவர் மேல் தப்பில்லை, அவருக்கு வந்த உத்தரவு அப்படி. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்துக் காத்திருக்கவும் வழியில்லை. பாயின் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. பூச்செண்டை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்த டாக்டர் அதைப் பார்த்ததுமே மருந்தை ஏற்றச் சொன்னார். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைக்கும். அதனால் நோயாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

3. மார்க்கு

குழு அப்போதுதான் உள்ளே வந்தது. தலைவர் பாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மாக் டிரில்லா, நாங்கள் கேட்பதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டீர்களே என்றார். இந்த ஆய்வுகளில் யாரையாவது நோயாளிபோலப் படுக்க வைத்து ஒத்திகை காட்டச் சொல்வது வழக்கம். சீஃப் விரிப்பில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று சுதாரித்துக்கொண்டு ஆமாம் சார் என்றார்.

மைதீன் பீவியின் அழுகை தத்ரூபமாக இருப்பதாகத் தலைவர் பாராட்டினார். பிறகு என்னைத் தன் பக்கம் திரும்பி, கை கழுவும் முறையை வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான் திரும்பவில்லை. பாய் உடம்பைச் சொறிய ஆரம்பித்திருந்தார், மூச்சு இழுத்தது. டாக்டர் டிரிப்பை நிறுத்தினார், நான் பாயின் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டேன்.

"தள்ளி நில்லுங்க சார். இது நெசக் கடி."

தலைவர் அதற்கும் சிரித்தார். மைதீன் பீவி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"எம் வீட்டுக்காரவுக உசுருக்குப் போராடுதாவ. நீங்க கூத்தா பாக்க வந்திய?"

குழு மெதுவாகப் பால்கோவா இருந்த பக்கம் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பாயின் மூச்சு சீரானது. மருந்தை மறுபடி மெதுவாக ஏற்றினோம். சில நாளில் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆய்வு முடிவும் வந்தது. நிஜ நோயாளிக்கு மார்க் போட அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லையாம். அதனால் பாம்புக்கடி ஒத்திகை என்று எழுதி முழு மார்க் போட்டிருந்தார்கள். நர்ஸ் பேச்சில் பணிவில்லை என்று வேறொரு இடத்தில் குறைத்திருந்தார்கள். சான்றிதழ் சீஃப் அறையில் தொங்குகிறது.

காய் பறிப்பு முடிந்ததும் பாய் ஒரு பை மாம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ நான் பொழைக்காம மௌத்தாயிருந்தா எம்புட்டு மார்க்கு போட்டிருப்பாவ, சிஸ்டர்?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து ஆய்வு நாளில் எடுத்த ரத்தத்தை நான் மேசையில் வைப்பதில்லை. ஜன்னல் திட்டில், திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நோயாளியையும் அங்கே ஒளித்து வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது.