தலைவர் தோளில் ஏற்றிய பிள்ளை

அதிகாலை ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து வான் புறப்பட்டது. திருகோணமலைக்கு ஏறத்தாழ இருநூற்று அறுபது கிலோமீற்றர். சாரதி ஹனீபா நானா கிண்ணியாக்காரர். நாள் வாடகை பதினெட்டாயிரம் ரூபாய், டீசல் எங்கள் பொறுப்பு. பின்னிருக்கையில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஆன்னாவும் அவளுடைய கமெராக்காரரும் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மொழிபெயர்ப்பாளனான நான் முன்னிருக்கையில். யாழ்ப்பாணத்தில் பிறந்தும் ஐம்பது வயதுவரை திருகோணமலையைப் பார்த்தறியாதவன். இப்போது போவதும் அந்த ஊருக்காக அல்ல. ஐரோப்பாவின் வடக்கில் நான் வசிக்கும் நாட்டின் அரசியல் தலைவர் ஒருவருக்காக.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். தலைவர் என்றே சொல்கிறேன். வலது பக்கம் சாய்ந்த, ஆனால் கத்தாத ஒரு கட்சி அவருடையது. இளவயதில் நாடாளுமன்றத்துக்குப் போனபோது அவரை யாரும் விரும்பியதாக நினைவில்லை. வரியைக் குறைக்க வேண்டும் என்று எண்களாகவே பேசுகிற வறண்ட மனிதர். சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரணக் குழுவோடு மூதூருக்கு வந்தார். அங்கே எடுத்த ஒரு படத்தில், சட்டைக் கையை மடித்து, சேற்றுக்குள் நின்று, ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தோளில் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் முக்காடு போட்ட தாய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் படம் வந்த வாரத்தோடு அவர் வேறு மனிதரானார். ‘நெஞ்சில் ஈரமுள்ள வலதுசாரி’ என்று பத்திரிகைகள் எழுதின. கட்சித் தலைவரானார், இரண்டு தடவை பிரதமரானார். என் வீட்டுக்கு முன்னாலுள்ள பேருந்துத் தரிப்பிடத்தில் அந்தப் படம் ஒரு தேர்தல் முழுவதும் ஒட்டியிருந்தது.

அகதிச் சட்டத்தை இறுக்கிய நாளில் அவர் பேசியதும் எனக்கு நினைவிருக்கிறது. “அந்தத் தாய் என் கையைப் பிடித்து ஒன்றைத்தான் கேட்டாள். எங்கள் மண்ணிலேயே வாழ எங்களுக்கு உதவுங்கள் என்றாள். அதை நான் மறக்கவில்லை.” எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அன்று தலை குனிந்தார்கள்.

இப்போது அவர் அரசியலிலிருந்து ஓய்வு பெறுகிறார். அவரைப் பற்றிய ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அந்தத் தாயும் பிள்ளையும் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

பதினொரு மணியளவில் கந்தளாயில் நிறுத்தினோம். குளத்தில் தண்ணீர் மங்கலாகக் கிடந்தது. பால் விடாத பிளேன்ரீ ஒன்று அறுபது ரூபாய். ஹனீபா நானா கோப்பையை ஊதியபடி சொன்னார்:

“படத்த என்ட மச்சானுக்கு அனுப்பினனான். அவர் மூதூர்ப் பள்ளிவாசல்ல விசாரிச்சுப் போட்டார். ஆள் இருக்கு. ஜெசீமா உம்மா எண்டு பேர்.”

“பிள்ளை?”

“பிள்ளையும் இருக்காம். வெளிநாடு போய் வந்தவனாம்.”

திருகோணமலை நகரில் ஓர்ஸ் ஹில்லில் தங்கினோம். அறையிலிருந்து உள்துறைமுகம் தெரிந்தது. உலகத்திலேயே ஆழமான துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்த மாலையில் அது அசையாத ஈயத் தகடுபோல இருந்தது. ஒரேயொரு கப்பல். தெருவில் மான்கள் குப்பைப் பைகளைக் கிழித்துக்கொண்டு நின்றன. ஆன்னா அவற்றைப் படமெடுத்தாள். நிகழ்ச்சிக்கு அழகாக இருக்கும் என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு மூதூருக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. முன்பெல்லாம் இறங்குதுறையில் லோஞ்சுப் படகு பிடித்துத்தான் போக வேண்டுமாம். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர். ஹனீபா நானா வேகத்தைக் குறைத்து, தன் வீடு இருந்த இடம் என்று ஓர் ஓரத்தைக் கையால் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

ஜெசீமா உம்மாவின் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சீமெந்துச் சுவர், பூசாமல் விட்ட முன்பக்கம். அறுபது வயதிருக்கும். எங்களுக்குப் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். ஆன்னா படத்தை நீட்டினாள். அவர் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார்.

“ஓம், நான்தான். வாப்பா மௌத்தாகி மூணாம் கிழமை இது.”

வாப்பா என்று அவர் சொன்னது பிள்ளையின் தகப்பனை, தன் கணவரை. கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை.

தலைவர் சொல்லும் அந்த வாசகத்தை ஜெசீமா உம்மாவைக் கொண்டு கமெராவுக்கு முன்னால் மறுபடி சொல்லவைக்க வேண்டும் என்றாள் ஆன்னா. நான் அதைத் தமிழில் சொன்னேன். எங்கள் மண்ணிலேயே வாழ எங்களுக்கு உதவுங்கள். ஜெசீமா உம்மா என் முகத்தையே பார்த்தார்.

“ஆர் சொன்ன?”

“நீங்கள் சொன்னதாம், உம்மா.”

“நான் அப்பிடிச் சொல்லல்ல. இவனக் கொண்டு போங்க எண்டுதான் சொன்னனான். இவனயும் கடல் கொண்டு போயிரும், என்னால வச்சுக் காப்பாத்த ஏலாது, நீங்க கொண்டு போய் வளருங்க எண்டு கையப் பிடிச்சு அழுதனான். இங்கிலீசு தெரிஞ்ச பாதர் ஒராள் பக்கத்துல நிண்டவர். அவர் அத இங்கிலீசுல அப்பிடியே சொல்லிக் குடுத்தவர்.”

“அதற்கு அவர் என்ன சொன்னார்?”

“தலையாட்டினார். புள்ளயத் தூக்கித் தோள்ல வச்சார். கொண்டு போகப் போறார் எண்டு நெனச்சு நான் உடுப்பெடுக்கக் கூடாரத்துக்குள்ள ஓடினனான். திரும்பி வரக்குள்ள புள்ளய நிலத்துல விட்டுட்டு எல்லாரும் போயிட்டாங்க.”

நான் ஆன்னாவுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். கமெராக்காரர் கமெராவைத் தாழ்த்தினார். ஆன்னா, “இது இருபது வருடத்துக்கு முந்திய விஷயம். அவர் மறந்திருக்கலாம்” என்று மெதுவாக என்னிடம் சொன்னாள்.

“அவர் எதையும் மறப்பதில்லை” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

தமிழில் அல்ல. எங்கள் நாட்டு மொழியில், தலைநகரத்துச் சமையலறைகளில் பழகும் கொச்சையோடு. ஆன்னா திடுக்கிட்டு எழுந்தாள்.

அவன்தான் றிஸ்வான், படத்திலுள்ள பிள்ளை. மெலிந்த உயரம், மீன் பெட்டி சுமந்த ஈரம் சட்டையில். பத்தொன்பது வயதில் ஏஜென்சிக்காரனைப் பிடித்து எங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறான். விசாரணையில் அவன் முதலில் சொன்னதே, உங்கள் பிரதமரின் தோளிலிருந்த பிள்ளை நான் என்பதுதான். அதிகாரி சிரித்தாராம். நம்பத்தகாத வாக்குமூலம் என்று எழுதினார்கள். தலைவர் இறுக்கிய சட்டத்தின்படி மேன்முறையீடும் தள்ளுபடி. ஐந்தாவது வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“அங்க எனக்கு ஒரு மகள் இருக்கா அண்ணன்” என்றான் என்னிடம். “ஆயிஷா. நாலு வயசு. தாய் சோமாலியா ஆள். பள்ளிவாசல்ல நிக்காஹ் செஞ்ச நாங்க, அரசாங்கத்துல பதியல்ல. அதால சட்டப்படி நான் அவக்கு ஒண்டுமில்லயாம்.”

பிறகு ஆன்னாவிடம் திரும்பினான். அவள் மொழியிலேயே, கடையில் விலை பேசுகிறவனைப் போல நிதானமாகப் பேசினான்.

“நான் சிரிக்கிறேன். நன்றி சொல்கிறேன். அவர் என்னைத் தூக்கியதை நினைத்துத்தான் வளர்ந்தேன் என்று சொல்கிறேன். நீங்கள் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். என் மகளைப் பார்க்க ஒரு மாத விசா.”

“நான் எந்த வாக்கும் தர முடியாது” என்றாள் ஆன்னா.

“தெரியும். கேட்டால் போதும்.”

ஜெசீமா உம்மா என்னிடம் என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். மகன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“உம்மா, நீங்களும் ஒரு தரம் அப்பிடிச் சொல்லுங்க. அவங்களுக்கு அது வேணும்.”

“நான் சொல்லாததச் சொல்ல ஏலாது மகன்.”

“எனக்காக.”

“ஒனக்காகத்தான் அண்டைக்கு அந்த மனிசன்ட கையப் பிடிச்ச. அதத்தான் சொல்லுவன். வேற சொல்லன்.”

அவர் குசினிக்குள் போய்விட்டார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. றிஸ்வான் கொஞ்ச நேரம் குசினி வாசலைப் பார்த்து நின்றான். பிறகு முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

கொட்டியாரக் குடாவின் கரையில் அவனை நிறுத்தினார்கள். நல்ல வெயில். தூரத்தில், குடாவுக்கு அப்பால், திருகோணமலையின் மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. அவன் சிரித்தான். தலைவருக்கு நன்றி சொன்னான். அவருடைய தோள் எவ்வளவு உயரமாக இருந்தது என்று சொன்னான். காற்றில் ஒலி சரியாக விழவில்லை என்று கமெராக்காரர் சொன்னதும் மறுபடி முழுவதும் சொன்னான், அதே சிரிப்போடு. பொய் சொல்கிறவன் போலவே இல்லை. ஹனீபா நானா பார்க்க மாட்டாமல் வானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகலில் புறப்பட்டோம். ஜெசீமா உம்மா வெளியே வரவில்லை. தோப்பூர்ப் பக்கத்து வயல்களையும் எடுக்க வேண்டும் என்று முன்பு சொல்லியிருந்த ஆன்னா, இப்போது வேண்டாம் என்றாள். கிண்ணியாப் பாலம் வந்தபோது என் கைத்தொலைபேசி அடித்தது. றிஸ்வான்.

“அண்ணன், நான் கதைச்சதில பிழை இருந்ததா? இரண்டு வருசமா அந்தப் பாஷ கதைக்கல்ல.”

“இல்லைத் தம்பி. வடிவாக் கதைச்சனீர்.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டான்.

றிஸ்வான் சொன்னபடி, நாடு திரும்பியதும் ஆன்னா விசாவைப் பற்றிக் கேட்டாள். அதை நான் மறைக்கக் கூடாது. தலைவரின் அலுவலகத்துக்கு அவள் எழுதியதையும், அங்கிருந்து வந்த பதிலையும் எனக்குக் காட்டினாள். அந்தப் பிள்ளை தன் சொந்த மண்ணில் நலமாக இருப்பதை அறிந்து தலைவர் மிகவும் நெகிழ்ந்தார், தனிப்பட்ட விசா விவகாரங்களில் அவர் தலையிடுவதில்லை. ஜெசீமா உம்மா சொன்னதை நிகழ்ச்சியில் சேர்க்க அவள் சண்டை பிடித்தாளாம். மேலிடத்தில் விடவில்லை. அடுத்த மாதம் அவள் அந்த நிறுவனத்தை விட்டு விலகினாள் என்று கேள்விப்பட்டேன்.

நிகழ்ச்சி மார்கழியில் ஒளிபரப்பானது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வரிக்கணக்குப் பேசிய இளைஞர், சேற்றில் நின்ற மனிதர், இரண்டு தடவை பிரதமர், பேரப்பிள்ளைகளோடு தோட்டத்தில் நிற்கும் முதியவர். நடுவில், நீலக் கடலுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையில் றிஸ்வான். அவனுடைய பகுதி ஒரு நிமிடம்கூட இருக்காது. அடுத்த நாள் வேலைத்தலத்தில், உங்கள் நாட்டுப் பையன் எவ்வளவு அழகாக நம் மொழி பேசுகிறான் என்று ஒருத்தி கண் கலங்கினாள். அவன் எங்கே கற்றான் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டாள்.

அன்று மாலை அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விசாவைப் பற்றிய பதிலைச் சொன்னேன். அவன் அழவில்லை, ஏசவில்லை.

“படம் போட்டவங்களா?” என்று மட்டும் கேட்டான்.

“ஓம், நேற்றுப் போட்டவை. நீரும் வந்தனீர். முகம் வடிவாத் தெரிஞ்சது.”

“எத்தின மணிக்கு அண்ணன்?”

“இரவு ஒன்பதரைக்கு.”

மூதூரில் கடல் இரைவது தொலைபேசியில் கேட்டது.

“அப்ப ஆயிஷா நித்திரையாகியிருப்பா” என்றான்.