ஆறு இருபது மணிக் கடல்

என் தம்பி குலசிங்கம் 1931ஆம் ஆண்டு உப்புவெளியில் பிறந்தவன். எனக்கு நான்கு வயது இளையவன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன்; அவன் எட்டு வரை படித்தான். பதினெட்டு வயதில் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்திரண்டு வருடம் அதே வேலையில் இருந்தான். அவனைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு பலகையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

1961 மாசியில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறைக்குப் பெயின்ற் அடிக்கப் போனவன், அங்கே தொங்கிய பழைய கலண்டரில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்தான். பிரான்ஸ் தேசத்து ஆற்றங்கரையாம். கையில் வாங்கிப் பார்த்தேன். மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. நீலத்திலும் செம்மஞ்சளிலும் தொட்டுத் தொட்டு வைத்த பொட்டுகள் மட்டும்.

"என்னடா இது, தூரிகை துடைச்ச கடுதாசியே?"

"இஞ்சை தாங்கோ அக்கா. கிணத்தடியிலை போய் நிண்டு பாருங்கோ."

அவன் குசினி வாசலில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிணற்றடியில் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் அசைந்தது. இலைகளில் வெயில் இருந்தது. கிட்ட வந்தேன், பொட்டுகள். திரும்பப் போனேன், ஆறு. அன்று ஐந்து தரம் நடந்தேன்.

மரத்தின் நிழலை ஏன் ஊதாவில் போட்டிருக்கிறார்கள், நிழல் கறுப்பல்லவா என்று கேட்டேன். அவன் கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையின் மடிப்பைக் காட்டினான். சிறு வயதிலிருந்து சேலை காயப்போட்டு வந்தவள் நான். அதன் நிழல் நீலம் என்று அன்றுதான் கண்டேன்.

அடுத்த வருடம் மீனவர் சங்கம் புது மண்டபம் கட்டியது. தலைவர் பாக்கியரத்தினம் ஆறடிப் பலகையொன்றைத் தம்பியிடம் கொடுத்து, "கடலும் வள்ளமுமா வடிவாக் கீறித் தாரும்" என்றார். சித்திரை 9ஆம் தேதி தொடங்கினான். காலையில் நானும் அவனும் பலகையை இரண்டு பக்கமும் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோவோம். ஆறு இருபதிலிருந்து ஆறு நாற்பது வரை மட்டும் பூசுவான். "அதுக்குப் பிறகு வேறை கடல் அக்கா" என்பான். மணிக்கூடு பார்த்துச் சொல்வது என் வேலை. மழை பெய்த இரண்டு நாளும் மேகம் மூடிய நான்கு நாளும் போகவில்லை. மொத்தம் இருபத்தாறு காலை. கப்பல் வேலையில் மிஞ்சிய பெயின்ற்தான். கோணேசர் மலையை ஊதாவில் வைத்தான். கடலில் ரோசாவும் பச்சையும் மஞ்சளும், மலைக்கு இப்பால் ஊதாவும் செம்புமாய் ஒரு திட்டும். கறுப்பு டின்னைத் திறக்கவே இல்லை. சூரியனைக் கீறவும் இல்லை.

மண்டபத் திறப்புக்கு மூன்று நாள் முன்பு பலகையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தோம். எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். பாக்கியரத்தினம் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்.

"அடிப்பூச்சு நல்லாத்தான் இருக்கு. மேற்பூச்சு எப்ப?"

அவர் பகிடி விடவில்லை. வள்ளத்துக்கு முதலில் அடிப்பூச்சு, பிறகு மேற்பூச்சு. அவர்களுக்குத் தெரிந்த பெயின்ற் வேலை அதுதான்.

"முடிஞ்சுது அண்ணை" என்றான் தம்பி.

"முடிஞ்சுதோ! வள்ளத்திலை கயிறு எங்கை? நம்பர் எங்கை? கடல் என்ன ரோசா நிறம், கலியாண வீட்டுச் சர்பத்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். பலகைக்கு வெள்ளை அடித்துச் சங்கத்தின் பெயரை எழுதித் தரும்படி தலைவர் சொன்னார். தம்பி "ஓம்" என்றான். யாரோடும் வாதாடிப் பழகாதவன். வெள்ளை டின்னைத் திறந்து குச்சியால் கலக்கத் தொடங்கினான். அந்த இருபத்தாறு காலையும் இன்னும் சற்று நேரத்தில் போய்விடும்.

அப்போது அலியார் காக்கா வாசலுக்கு வந்தார். இறக்கக்கண்டி ஊர்க்காரர்; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் 'காக்கா' என்ற சொல்லால்தான் நாங்களும் அவரை அழைப்போம். கரைவலை போடும்போது மேட்டில் நின்று, கடலின் நிறம் மாறுவதைக் கண்டு மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்வது அவர் தொழில். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

"கீரி மீன் வந்து நிக்கிது!"

"எங்கை காக்கா, மண்டபத்துக்குள்ளையோ?" என்று ஒருவர் கேட்டார்.

அவர் பலகையைக் காட்டினார். "அந்தா, மலைக்கு இஞ்சால, ஊதாவும் செம்புமா ஒரு திட்டு. சின்னக் கூட்டமில்ல. காலத்தால ஆறரை மணிக் கடல் இது. வெயில் ஏறினா இந்த நிறம் தெரியாது."

சூரியனே இல்லாத படத்தில் அவர் மணி சொன்னார். மணிக்கூட்டைப் பிடித்திருந்தவள் நான்.

தலைவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இஞ்சை மீன் ஒண்டும் இல்லையே. வெறும் பூச்சுத்தான்."

"கிட்டப் போனா கடல்லயும் ஒண்டும் தெரியாது தலைவர். இஞ்ச வந்து பாருங்க."

தலைவர் வாசலுக்குப் போனார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. "அட, தண்ணி ஓடுதடா" என்று யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது.

"தம்பி, நீங்க மீனையா கீறினீங்க?" என்று அலியார் காக்கா கேட்டார்.

"இல்லைக் காக்கா. அந்த இடத்திலை அஞ்சாறு காலமை அந்த நிறம் இருந்தது. கண்டதை வைச்சனான்."

பாக்கியரத்தினம் திரும்பி வந்து, வெள்ளை டின்னின் மூடியைத் தானே அழுத்தி மூடினார். பலகையை வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் மாட்டினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் காலை அலியார் காக்கா தம்பியைத் தன் மேட்டில் ஏற்றி, கீரி மீன் கூட்டத்தைக் கைநீட்டிக் காட்டினாராம். தம்பி அன்று முதல் தடவையாக வேலைக்குப் பிந்திப் போனான். பின்னேரம் வந்ததும் வாசலில் நின்றபடியே, "செம்பு நிறம் இன்னும் கொஞ்சம் வேணும் அக்கா" என்றான்.

"அப்ப பலகையைத் திருப்பிக் கேப்பமோ?"

"வேண்டாம், அது அண்டைக்குக் கண்டது. நாளைக்கு வேறை பலகை தூக்குவம். ஆறு இருபதுக்கு."