தோலை வைத்துத் தூக்கிய வண்டி: ஆம்பூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலையின் மண் பாதைகளைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "என் ஜீப்பை மூன்று இன்ச் தூக்கலாமா, இரண்டு போதுமா? எந்த லிஃப்ட் கிட் வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். ஒரே வரியில் பதில் போட்டுவிடலாம். ஆனால் வண்டியைத் தூக்குவது என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். அதனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1981 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வண்டி என் பள்ளிக்கூட தோஸ்த் சுலைமானுடையது. ராணுவம் கழித்துவிட்ட பழைய ஒரு டன் டிரக், நான்கு சக்கரமும் இழுக்கும். அவன் வீட்டில் இருந்த நகை எல்லாம் அந்த வண்டியில்தான் போயிருந்தது. வாங்கி ஏழு மாதமாகியும் ஒழுங்கான லோடு ஒன்றும் அமையவில்லை.

தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அது ஜவ்வாது மலை மேல் ஒரு களத்தில் மூட்டை மூட்டையாகக் காய்ந்து கிடக்கும். அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சுலைமானிடம் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உன் வண்டி களம் வரைக்கும் ஏறி, ஒரு லோடு ஆலங்காயத்துல இறக்கணும். செஞ்சிட்டா சீசன் முழுக்க உனக்குத்தான். இல்லன்னா டிராக்டர்காரன் ரெடியா கீறான்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். காவலூர் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஒரே ஓடையை மூன்று இடத்தில் கடக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் குறுக்கே ஒரு பாறைத் திட்டு. முன் சக்கரம் ஏறிவிட்டது, வண்டியின் வயிறு பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. ஜாக்கி போட்டு இறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வயிறு இரண்டு இன்ச் உயரமாக இருந்திருந்தால் தாண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கைத் தூக்கினால் உயர்வது வண்டியின் உடம்பு மட்டும். அச்சும் அதன் நடுவில் இருக்கும் உருண்டையும் இருந்த உயரத்திலேயே இருக்கும். அது உயர வேண்டும் என்றால் பெரிய டயர்தான் வழி. எங்களுக்கு இடித்தது வயிறு, அதனால் தூக்கினாலே போதும். கிட் என்ற சொல்லே அப்போது யாருக்கும் தெரியாது. பட்டறை மேஸ்திரி என்ன செய்து கொடுக்கிறாரோ அதுதான் கிட்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆம்பூரிலிருந்து கிளம்பி, பள்ளிகொண்டாவில் நின்றபடி ஒரு டீ குடித்துவிட்டு, ஏழே முக்காலுக்கு வேலூர் சேர்ந்தோம். ஐம்பது கிலோமீட்டர். சுலைமான் இன்னொரு டீ கேட்டான், நான்தான் விடவில்லை. லாரி ஸ்பிரிங் வேலைக்குப் பேர்போன தேவராஜ் மேஸ்திரி அப்போதுதான் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தார்.

வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு மூன்று வழி சொன்னார். ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிளை நீட்டுவது மலிவு, ஆனால் ஸ்டியரிங் அலையும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து வளைவை ஏற்றினால் நிற்கும், குலுக்கல் ஜாஸ்தி. மூன்றாவது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டால் இறுக்குவது.

"முன்னால கட்டை வெக்கவே கூடாது. பட்டைதான். பின்னால வேணா கட்டை வெக்கலாம். முன்னால இன்னிக்கே முடிச்சித் தர்றேன். பின் கட்டைய வார்த்துக் கடையணும், நாலு நாள் ஆவும்" என்றார்.

"நாலு நாளா? வெள்ளிக்கிழமை மலை மேல நிக்கணும் மேஸ்திரி."

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை போ."

சுலைமான் என்னைப் பார்த்தான். அவனுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் இருந்தது. குத்தகைக்காரரிடம் போய் நாலு நாள் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூடச் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சும்மா இருந்தால் மண்டை வெடித்துவிடும் எனக்கு. முன் பக்கத்தை மட்டும் முடித்துக்கொண்டு, பின் பக்கத்துக்கு நான்கு நீள யூ போல்ட்டையும் வாங்கிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு வேலூரை விட்டோம். கூலி நூற்றெண்பது, போல்ட் ஒன்று பதினெட்டு ரூபாய்.

பள்ளிகொண்டா தாண்டும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஷாப்பில் செருப்பு அடித்தட்டுக்கு எருமைத் தோல் பதனிடுவோம். அதை ரோலிங் மிஷினில் கொடுத்து அழுத்தினால், தட்டினால் மரம் மாதிரி சத்தம் வரும். சுத்தியல் போட்டாலும் பள்ளம் விழாது. கால் இன்ச் கனத்தில் எட்டுத் துண்டை அடுக்கி ஆணி அடித்தால் இரண்டு இன்ச் கட்டை. இரும்பு எதற்கு?

"தோலா?" என்றான் சுலைமான். "இன்னாடா, வண்டிக்கு செருப்பு தெக்கப்போறியா?"

"டேய், எங்க தோலப் பத்தி எனக்குத் தெரியும்டா."

"தண்ணி பட்டா?"

"மெழுகும் மீனெண்ணையும் குடிக்க வெச்சிடுவேன். ஒரு சொட்டு உள்ள போவாது."

வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. மரக்கட்டை வைத்திருப்பான், இல்லையென்றால் பேசாமல் காத்திருப்பான். தோல் ஊர்க்காரனுக்குத்தான் தோலால் ஆகாத காரியமே இல்லை என்ற திமிர் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

புதன்கிழமை ஷாப் குடோனிலிருந்து வெட்டுத் துண்டுகளை எடுத்தேன். முதலாளியிடம் கேட்கவில்லை. மிஷினில் அழுத்தி, மெழுகு காய்ச்சி ஊற்றினேன். மெழுகு உள்ளே இறங்கி ஆற ஒரு வாரமாவது வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரே நாளில் எடுத்து, வியாழக்கிழமை பின் அச்சில் வைத்து யூ போல்ட்டை இறுக்கிவிட்டேன். பின் பக்கம் இரண்டு இன்ச் ஏறி, வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. சுலைமான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பதினேழு கிலோமீட்டரில் வாணியம்பாடி, அங்கிருந்து பதினெட்டில் ஆலங்காயம். ஆறே முக்காலுக்கு அங்கே இட்லி சாப்பிட்டோம். நான் இரண்டோடு எழுந்துவிட்டேன், சுலைமான் நிதானமாக ஆறு சாப்பிட்டான். ஏழே முக்காலுக்குக் காவலூர். பிறகு மண் பாதை. முதல் இடத்தில் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர், சுலபமாகத் தாண்டிவிட்டோம். இரண்டாவது இடத்தில் முன் சக்கரம் பாறைத் திட்டில் ஏறியது. வயிறு உரசவே இல்லை. "சபாஷ்!" என்று சுலைமான் ஸ்டியரிங்கில் அறைந்தான். பத்து மணிக்குக் களத்தில் நின்றோம்.

குத்தகைக்காரர் தன் ஜீப்பில் முன்னமே வந்து காத்திருந்தார். வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்ல பாய், ஏத்திட்டியே" என்று இருபது மூட்டை ஏற்றச் சொன்னார். சுலைமானின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷத்தில் அவனை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பதினொன்றுக்கு இறங்க ஆரம்பித்தோம். அவருடைய ஜீப் எங்கள் பின்னாலேயே வந்தது. போகும்போது மூன்று முறை ஓடையில் நனைந்த தோல், இப்போது பாரத்தோடு மறுபடி நனைந்தது. பாறைத் திட்டைத் தாண்டி இறக்கத்தில் முதல் வளைவு. பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம், வண்டியின் பின்புறம் ஒருபக்கமாக இழுத்தது. சுலைமான் பிரேக்கை மிதித்தான், மிதி தரை வரைக்கும் போய்விட்டது. வலது பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து மண் மேட்டில் மோதி நிறுத்தினான். எனக்கு நெற்றியில் சிராய்ப்பு. அவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்த குத்தகைக்காரர், நாங்கள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார். ஈரம் ஏறிய தோல் பாரத்தில் நசுங்கி, யூ போல்ட் தளர்ந்து, அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. அது இழுத்ததில் பிரேக் குழாய் கிழிந்துபோயிருந்தது. அவர் கையை விட்டு ஒரு துண்டை உருவினார். ஊறிப்போன வடை மாதிரி இருந்தது.

"தோலு! யார்யா வெச்சது இத?"

சொல்ல வேண்டியது நான். ஆனால் அவர் எங்கள் முதலாளிக்குத்தான் கடுக்காய் விற்கிறவர். தோல் யார் குடோனிலிருந்து போனது என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு என் வேலை போய்விடும். நெற்றிச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க" என்றான் சுலைமான், உடைந்த கையைப் பிடித்துக்கொண்டே. "அவசரத்துல வெச்சிட்டேன்."

"டிரைவர் வேலை தெரிஞ்சவன் எவனாவது இப்டிப் பண்ணுவானா? உன்ன நம்பி மலை மேல லோடு குடுக்கறதா?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மூட்டைகளை டிராக்டர் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று, சீசனும் அதோடு போயிற்று.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது, ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உனக்கு மாசச் சம்பளம்டா, போனா போனதுதான். எனக்கின்னா, வண்டி கீது. வேற லோடு வரும், பேஜார் ஆவாத" என்றான். லோடு வரவில்லை. அச்சுக்குத் தோலை வைத்து ஓட்டுகிறவன் என்று ஆலங்காயம் வரைக்கும் பேர் ஆகிவிட்டது. அடுத்த வருடம் வண்டியை விற்றுவிட்டு, அரக்கோணத்தில் யாரோ ஒருவரின் லாரி ஓட்டப் போனான். நான் அதே ஷாப்பில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

கேட்ட வாசகருக்கு: இரண்டு இன்ச் போதும். முன்னால் கட்டை வேண்டவே வேண்டாம். பின்னால் வைத்தால் இரும்புதான். பிரேக் குழாயை நீளமானதாக மாற்றாமல் வண்டியைத் தூக்காதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், ஓடையில் இறங்கி ஏறினால் அன்றே பாருங்கள். காலியாக ஏறிவிட்டது என்று நம்பிவிடாமல், பாரம் ஏற்றி ஒரு முறை இறக்கிப் பாருங்கள். மேஸ்திரி நாலு நாள் என்றால் நாலு நாள் காத்திருங்கள். மலைக்குப் போகிறவர்கள் ஆலங்காயத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடம் சுலைமானின் பேத்தி கல்யாணத்துக்கு அரக்கோணம் போயிருந்தேன். பந்தியில் அவன் இந்தக் கதையைச் சொன்னான், எத்தனையாவது முறையோ தெரியாது. "நான் ஒரு மடையன், வண்டிக்குத் தோல வெச்சேன்" என்று சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "டேய், அத வெச்சது நான்டா" என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். விளையாட்டாகத் தெரியவில்லை, நிஜமாகவே யோசித்தான்.

"சும்மா இருடா" என்றான். "நீ தோல்காரன். உனக்குத் தெரியாதா? நீ போய் அப்டிப் பண்ணுவியா?"