சத்தம் போடாத காரும் என் பழைய பழக்கமும்

எங்கள் பழைய பெட்ரோல் காரில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்தினோம். தினமும் காலையில் தோட்டத்து மல்லிகையை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன். ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு நிறுத்துவது என் பெட்ரோல் காலத்துப் பழக்கம். போன மாதம் ஒருநாளும் மார்க்கெட்டில் பூ விற்றுத் தரும் கமிஷன் கடை முன்னால் அப்படியே நிறுத்தி இறங்கினேன். சத்தமே இல்லாததால், சாவியைத் திருப்பி அணைக்காதது உறைக்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த பூ மூட்டையை என் கதவு வழியாக இழுத்தேன். தண்ணீர் தெளித்த ஈர மூட்டை வழுக்கி ஆக்சிலேட்டர் மேல் விழ, கார் விருட்டென்று பாய்ந்தது!

எதிரே எடை போட்டுக்கொண்டிருந்த கமிஷன் கடை அண்ணன் எகிறிக் குதித்தார். நல்லவேளை, மூட்டை உருண்டு வெளியே விழுந்தது. கார் அவர் தராசில் இடித்து நின்றது.

"ஏம்மா, வண்டிய நிப்பாட்டாமலா எறங்குன?"

"நின்னுருச்சுன்னு நெனச்சேண்ணே..."

காரில் குறையே இல்லை. நான்தான் இன்னும் பெட்ரோலிலேயே இருந்திருக்கிறேன். இப்போது நியூட்ரலில் நிறுத்தி, மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்த ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை உருவி அவர் மேஜையில் வைத்த பிறகே மூட்டையைத் தொடுகிறேன். அவரும் சாவியைப் பார்க்காமல் தராசுக்குப் பக்கத்தில் வருவதில்லை.