ஏக்கர் என்று கேட்ட கட்டம்

புதிதாகத் தொழில் தொடங்கிய நாங்கள் ஐந்து பேர்தான் அன்று இருந்தோம். ஒரு விவசாயிகூட இல்லை. மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடி, அவரவர் வடிவமைத்ததைக் காட்டுவோம். நான் காட்டியது, அறுப்பு மெஷினுக்குப் பதிவு செய்யும் செயலி. "எத்தனை ஏக்கர்?" என்று அதில் ஒரு கட்டம்.

"எங்க பக்கம் நிலத்த மாக்கணக்குலதான சொல்லுவாங்க, தம்பி?" என்றார் வாழைநார்ப் பை செய்யும் அக்கா.

"படிச்சவன் செஞ்சதுன்னு தெரிய வேணாமாக்கா?"

சிரித்தார்கள், கைதட்டினார்கள். என் வீட்டிலும் மாக்கணக்குதான். பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அதைத் தாண்டிவிட்டதாக நினைப்பு. முதல் பதிவு வருமா என்று அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் போனையே பார்த்தேன்.

முதல் பதிவு வந்தது: ஆறு. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று ஆறு மணி நேரத்துக்கு மெஷினை வாடகைக்குப் பேசி அனுப்பினேன். இரண்டே மணி நேரத்தில் வயல் முடிந்துவிட்டது.

"ஆறு மாதானே இருக்கு? அதத்தான் போட்டேன்," என்றார் வயல்காரர். மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர்.

மீதி நாலு மணி நேர வாடகையையும் வாங்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார் டிரைவர். என்னிடம் அவ்வளவு இல்லை. போன் போட்டதும் மற்ற நால்வரும் வரப்புக்கே வந்துவிட்டார்கள்.

"நானுந்தான கைதட்டுனேன், புடி," என்று பணத்தை நீட்டினார் அக்கா.

என்னையும் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரம், மொத்தம் பத்தாயிரம் ரூபாய்.