துருவுக்கு நடுவே ஒரு சதுரம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வரும் கல்யாணப் பெண்ணை, அந்த வளையம் இருந்த இடமே தெரியாமல் மணமேடைக்கு அனுப்பிவைப்பாள். கை அவ்வளவு சுத்தம். அப்படிப்பட்டவள் முன்னால் அவள் கணவர் பளபளவென்று மின்னும் ஒரு குட்டி இன்ஜினையும் இரண்டு கூட்ஸ் வேகன்களையும் கொண்டுவந்து வைத்து, "இதையெல்லாம் கொஞ்சம் அழுக்காக்கிக் குடு" என்றார்.

அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. உயிர் என்னவோ ரயில் மேல்தான். பொம்மை ரயில் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். ரயில் மாடல் செய்கிறவர்களின் சங்கத்துக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அவரோ வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"புதுசா இருக்கிறதை யாராவது பழசாக்குவாங்களா?"

"நிஜ ரயில் இப்படியா மின்னுது? வெயில்லயும் மழையிலயும் ஓடின மாதிரி இருக்கணும். அழுக்கா இருக்கணும், ஆனா அசிங்கமா இருக்கக் கூடாது."

அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இருந்தாலும் பிரஷ்ஷும் பொடியும் புழங்கிய கையாயிற்றே என்று, முதல் வேகன் முழுக்கப் பழுப்புப் பொடியை ஒரே சீராக, திட்டுத் தெரியாமல் பூசி நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துருப்பிடிச்ச மாதிரியா இருக்கு? சாக்லேட்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் பார்லரைச் சீக்கிரமே பூட்டிவிட்டுக் கூட்ஸ் ஷெட் பக்கம் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. முகம் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். துரு எல்லா இடத்திலும் இல்லை. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கண்ணீர்க் கோடு மாதிரி இறங்கியிருந்தது. சக்கரம் வாரியடித்த புழுதி இடுப்புவரைதான். ஏணியில் கைபடும் இடம் மட்டும் தேய்ந்து மினுங்கியது. நடுவில் இருந்த ஒரு வேகனில், இத்தனை அழுக்குக்கும் மத்தியில், கதவு அகலத்துக்கு ஒரு சதுரம் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து, பூசியதையெல்லாம் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து, ஆணி ஆணியாகப் புள்ளி வைத்து, ஈரப் பிரஷ்ஷால் கீழே இழுத்தாள். புழுதியை ஸ்பாஞ்சால் ஒற்றினாள். ஒரு வேகனின் நடுவில் டேப் ஒட்டி, எல்லாம் காய்ந்ததும் உரித்தாள். சதுரம் பளிச்சென்று நின்றது.

கணவர் வாயைப் பிளந்தார். அப்புறம் சதுரத்தைத் தொட்டு, "இது என்ன, விட்டுப்போச்சா?" என்றார்.

"விட்டுப்போகலைங்க. அங்க அப்படித்தான் இருந்துச்சு."

"நானும் வருஷக்கணக்கா வேகன் பார்க்கிறேன். இப்படி ஒண்ணு பார்த்ததே இல்லையே!"

காட்டிவிடலாம் என்று காலையில் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். வெறும் தண்டவாளம்தான் கிடந்தது. காவலாளியிடம் கேட்டால், "ஆயிரம் வண்டி வருது போகுது. சதுரத்தையெல்லாம் யாரும்மா பார்த்தாங்க?" என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாய்ந்த வெயில் பட்டு அப்படித் தெரிந்திருக்குமோ? சுத்தம் செய்தே பழகிய கண், இல்லாததைப் பார்த்துவிட்டதோ?

வீட்டுக்கு வந்ததும், "அந்தச் சதுரத்தையும் பூசிடட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் இடது கையால் வேகனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. இருக்கட்டும், விடு."

கண்காட்சியில் கூட்டம் அந்த வேகன் முன்னால்தான் நின்றது. ஏதோ போர்டு கழற்றிய தடம் என்றார் ஒருவர். கதவை மாற்றியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் குரலை உயர்த்திக்கொண்டார்கள். சங்கத் தலைவர் நேராக அவளிடமே வந்து, "நீங்களே சொல்லுங்கம்மா, அது என்ன?" என்றார்.

"தெரியலைங்க. பார்த்தேன், வச்சேன்."

பரிசு என்னவோ வேறொருவருடைய பாலத்துக்குப் போனது. கணவருக்கு அதில் வருத்தமே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டம்மா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புருவத்தின் மேல் ஒரு பழைய தழும்பு. ஸ்பாஞ்சை எடுத்த கை அப்படியே நின்றது.

"இதை மறைக்கணுமாம்மா?"

"என்னக்கா கேள்வி இது? பின்ன எதுக்கு வந்திருக்கேன்!"

கேள்வி தன் வாயிலிருந்து ஏன் வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, கண்ணை மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு, தழும்பு தெரியாதபடி சீராக ஒற்றத் தொடங்கினாள்.