மாடியில் ஆட்டு வாடை

என் கணவரிடம் நான் கேட்டது ஒரு பெட்டி ஆப்பிள். இரண்டு வருஷம் இமயமலைப் பக்கம் வேலை பார்த்துவிட்டுத் தாம்பரத்துக்கு மாற்றல் வாங்கி வருகிற மனுஷன் அதைக்கூடக் கொண்டுவர மாட்டாரா என்று நினைத்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு ராட்டையும் ஒரு கோணி நிறைய ஆட்டு ரோமமும். அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஆசையாகக் கொடுத்தாளாம். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இவருக்கு இந்தி வரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். மே மாதம். கம்பளி என்று யாராவது சொன்னாலே முதுகில் வியர்வை ஊறும். ஹாலில் கோணியை இறக்கிவைத்துவிட்டு அவர் சொன்னார்:

"அங்கல்லாம் பொம்பளைங்க பேசிக்கிட்டே நூக்கிறாங்க. ஒனக்கெல்லாம் வராது."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அவர் விழுங்கியிருந்தால் ராட்டை அன்றைக்கே பரணுக்குப் போயிருக்கும்.

தான் பார்த்ததை வைத்து அவரே பாடம் எடுத்தார். வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இடது கையில் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு, கதிர்க் கம்பியின் முனையிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முறுக்கு ஏறினால் நூல். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. என் வலது கை சுற்றினால் இடது கை வேடிக்கை பார்த்தது. இடது கை இழுத்தால் வலது கை ஓய்வெடுத்தது. நூல் அறுந்தது. அறாத நேரங்களில் முறுக்கு மிஞ்சிப் பன்றி வால் மாதிரிச் சுருண்டது. ஓரிடத்தில் தையல் நூல் பருமன், அடுத்த ஜாணில் என் கட்டைவிரல் பருமன். ஃபேன் போட்டால் ரோமம் பறந்து இட்லி மாவில் இறங்கியது. ஃபேனை நிறுத்தினால் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"பொறுமையா இழு" என்றார் அவர், கட்டிலில் படுத்தபடி, பேப்பரால் விசிறிக்கொண்டு.

"நீங்க வந்து இழுங்க" என்றேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஆபீஸில் திடீரென்று வேலை கூடிவிட்டது.

சில நாள் கழித்துத்தான் ரோமத்தைக் கழுவாமலே நூற்கிறேன் என்பது புரிந்தது. ஆட்டின் மேலிருந்து வெட்டியபடியே மூட்டை கட்டியிருந்தார்கள். அதில் பிசுக்கு இருந்தது, முள் இருந்தது, ஆடு தன் ஞாபகமாக விட்டுப்போன வேறு சிலவும் இருந்தன. அண்டாவில் தண்ணீர் வைத்து, பூந்திக்கொட்டையைத் தட்டிப் போட்டு, பாதி மூட்டையை அதில் அமுக்கிக் கொதிக்கவிட்டேன். கரண்டிக்காம்பால் நன்றாகக் கிண்டியும் விட்டேன்.

இங்கே கீழ்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம். சைவக் குடும்பத்துக்கு மட்டுமே வீடு என்பது அவர் போட்ட கண்டிஷன். "நீங்க?" என்று அவர் கேட்டபோது என் கணவர் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி தலையை ஆட்டிவைத்தார். கூடுவாஞ்சேரியில் என் அம்மா வீடு இருந்ததால் எங்களுக்கும் பெரிய கஷ்டமில்லை. ஞாயிறு காலையில் ரயிலேறிப் போவோம். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டு வாயை மணக்கவைத்துக்கொண்டு திரும்புவோம்.

அண்டா கொதித்தது. கிளம்பிய வாடை மாடிப்படி வழியாகவே இறங்கித் தெருவுக்குப் போனது. வாசலில் கீரைக்காரி கூடையை இறக்கி, அண்ணாந்து பார்த்துத் தெருவுக்கே கேட்கிறாற்போலக் கத்தினாள்:

"இன்னாக்கா, மாடில ஆடு கட்டிகினு கீறியா?"

அடுத்த நிமிஷம் படியில் செருப்புச் சத்தம். கார்டு சார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"என்னம்மா சமையல்?"

"சமையல் இல்ல சார். கம்பளி."

"தாம்பரத்துல, மே மாசத்துல, கம்பளி! நல்லா இருக்கும்மா கதை. மூடியைத் திறங்க."

திறந்தேன். பழுப்புத் தண்ணீருக்கு மேல் சுருள் சுருளாக ரோமம் மிதந்தது. ஒரு முழு ஆடே உள்ளே முங்கிக் கிடக்கிற மாதிரிதான் எனக்கும் தெரிந்தது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"தோலோடவா வேகவெக்கிறீங்க?"

நல்லவேளையாக அவர் மனைவி பின்னாலேயே ஏறி வந்துவிட்டார். அந்தத் தெருவில் பாதிப் பேர் கையில் தொங்கும் ஒயர் கூடை அந்த ஆன்ட்டி பின்னியது. ஸ்வெட்டரும் பின்னுவார், போட ஆள்தான் கிடைக்காது. கரண்டியை வாங்கிக் கொஞ்சம் ரோமத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது உல்லன்ங்க. உங்களுக்கு எப்பவும் கெட்ட புத்திதான்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எதுக்குமா இந்தக் கிண்டு கிண்டின? அல்வாவா?"

கிண்டிய பகுதியெல்லாம் ஒன்றோடொன்று பிடித்து அடை மாதிரி ஆகியிருந்தது. அதைக் காயவைத்துக் கால்மிதியடி ஆக்கிக்கொண்டோம். மீதி நன்றாகத்தான் காய்ந்தது.

மறுநாள் மத்தியானம் ஆன்ட்டி வந்து உட்கார்ந்து நான் நூற்கும் அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு கையும் ரெண்டு ஊர்ல இருக்கு. நீ இழு, நான் சுத்துறேன்."

அது வேலை செய்தது. ஆனால் அவருக்குத் தோள் வலி. சற்று நேரத்தில் படியோரம் போய்க் கூப்பிட்டார். "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க? வந்து இதைச் சுத்துங்க."

கார்டு சார் வந்தார். என் மேல் இருந்த சந்தேகம் அவர் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. முக்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ரெடின்னா சொல்லுங்கம்மா, ரைட் குடுக்கிறேன்" என்றார்.

ஒரே வேகத்தில் சுற்றினார். கூடவுமில்லை, குறையவுமில்லை. நூல் அறுந்தால் உடனே "ஸ்டாப்!" என்று சக்கரத்தை நிறுத்திவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"எப்படி அறுந்தது?"

"தெரியல சார்."

"தெரியலன்னா எப்படி? காரணம் இல்லாம எதுவும் அறுந்துபோகாது."

காரணம் நான்தான். பயத்தில் ரோமத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், ரயில் போகும் சத்தத்தைக் கேட்டபடி அசட்டையாக இழுத்தபோது, முறுக்கு நூலில் ஏறி என் விரலை நோக்கி வருவது தெரிந்தது. அது வந்து தொட்டதும் பிடியைத் தளர்த்தினேன். ரோமம் தானாக நழுவி நீண்டது. கை போகிற தூரம் வரை அறாத நூல். நான் மூச்சுவிடவில்லை. கார்டு சாரும் விடவில்லை.

பிறகு அவர் பென்ஷன் வாங்கப் போயிருந்த ஒரு காலையில் தனியாக முயன்று பார்த்தேன். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று சமாதானமாகிவிட்டிருந்தன. அவர் திரும்பி வந்து கதவோரம் நின்று பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"அப்ப நான் வேணாமா?"

"நீங்க சுத்தினாத்தான் சார் சீரா வருது" என்றேன். உடனே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நூலில் ஆன்ட்டி அவருக்கு ஒரு குரங்குக் குல்லா பின்னினார். மார்கழியில் அதைப் போட்டுக்கொண்டு வாக்கிங் போனார். அரிப்பில் நெற்றி சிவந்துபோனது. தெருமுனை திரும்பும் வரை சொறியாமல் நடப்பார். அப்புறம் மஃப்ளர் கேட்டார். கோணி காலி.

கோவிலம்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் அப்போது வெறும் வயல். அங்கே மந்தை மேய்கிறது என்று கேள்விப்பட்டு ஆன்ட்டியையும் என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். நேராக ஒரு சிவப்புக் கிடாவிடம் நடந்து, அதன் விலாவை அமுக்கி, முதுகைத் தடவிப் பார்த்தார். நாய்க்கு இருக்கிற மாதிரிக் குட்டை முடி. ஆட்டுக்காரன் ஓடி வந்தான்.

"நல்ல கெடா சார். விருந்து எத்தினி பேருக்கு?"

"கறி வேணாம்பா! உல்லன். கம்பளி."

"கம்பளியா? இந்த வெயில்ல அத்த வேற போத்திகினு திரிஞ்சா ஆடு செத்துடும் சார். கறி வேணும்னா ஞாயித்துக்கெழம வா, தொடையாப் பாத்துக் குடுக்கிறேன்."

ஆன்ட்டி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து.

வீட்டுக்கு வந்ததும் கார்டு சார் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கழுவினார். அப்புறம் மாடிக்கு வந்து என் கணவரிடம் கேட்டார்:

"சார், அந்த மலை ஊருக்குப் பக்கத்துல பார்சல் புக் பண்ற ஸ்டேஷன் எது?"

என் கணவருக்குத் தெரியவில்லை. டைம்டேபிள் எடுத்துவர கார்டு சார் கீழே போனார்.